கல் பொறுக்கத் தெரிய வேண்டும்

கற்கருவி செய்யப் பழக வருகிறவர்கள் அடிக்கிற வித்தையைத்தான் முதலில் கேட்கிறார்கள். எந்தக் கோணத்தில் அடிப்பது, எவ்வளவு ஓங்குவது, கையுறை போடலாமா என்று கேள்வி நீண்டுகொண்டே போகும். கல்லை எங்கே பொறுக்கினீர்கள் என்று கேட்பவர் அபூர்வம். வெளிநாட்டு வீடியோவில் எரிமலைக் கண்ணாடியான அப்சிடியனையும் சுண்ணப் பாறையில் விளையும் ஃபிளின்ட்டையும் பார்த்துவிட்டு, இவை நம் ஊரில் எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பார்கள். தமிழ்நாட்டில் அவற்றைத் தேடி அலைவது வீண். நமக்கு வாய்த்தது மணற்கல் இறுகி ஆன குவார்ட்சைட், குவார்ட்ஸ் எனப்படும் வெங்கச்சங்கல், தெற்கே போனால் கொஞ்சம் செர்ட் என்ற சிலிக்காக் கல். இவற்றை வைத்தே இந்த மண்ணில் லட்சக்கணக்கான வருஷம் பிழைப்பு நடந்திருக்கிறது. எனக்கும் இது போதுகிறது.

ஒரு மாணவர் கிரஷரில் கேட்டு வாங்கிய கருங்கல் துண்டுகளைச் சாக்கில் கட்டி பைக்கில் ஏற்றி வந்தார். சாயங்காலம் வரை அடித்தார். தூளும் மொட்டைத் துண்டும் விழுந்ததே தவிர, விளிம்பு உள்ள சில்லு ஒன்றுகூட வரவில்லை. கருங்கல்லில் பல தாதுக்கள் பெரிய பெரிய மணிகளாகப் பின்னிக் கிடக்கும். அடியின் வேகம் உள்ளே போனதும் மணிக்கு மணி வழி மாறிச் சிதறிவிடும். சில்லு கழல வேண்டுமானால் அந்த வேகம் தடையில்லாமல் ஓட வேண்டும். அவர் கொண்டுவந்த கல்லும் வீணாகவில்லை. தட்டையான துண்டு, அடிக்கும் கல்லைக் கீழே தாங்கும் அடைகல்லாயிற்று. ஓடையில் உருண்டு வழவழப்பான கருங்கல் என்றால் சுத்தியல்கல்லாகவும் ஆகும்.

பல்லாவரத்தை நினைத்துப் பாருங்கள். 1863 மே 30 அன்று அங்கே சரளைக் குழி ஒன்றில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் எடுத்த கற்கருவிதான் இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தொடக்கம் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். எனக்கு அதில் பிடித்தது வேறு. பல்லாவரம் குன்று சார்னோகைட் என்ற கருங்கல் வகைப் பாறை. கருவியோ குவார்ட்சைட். கண்ணெதிரே ஒரு மலையே நிற்கும்போது அதை விட்டுவிட்டு, தனக்கு வேண்டிய கல்லை ஒருவன் தேடிப் பிடித்திருக்கிறான். அத்திரம்பாக்கத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 1999 முதல் அகழ்ந்து, அங்கே கிடைத்த கைக்கோடாரிகளுக்குப் பதினைந்து லட்சம் ஆண்டு வயது சொன்னார்கள். அவை கிடந்தது களிமண் அடுக்கில். அந்த அளவு கல் அந்தக் களிமண்ணில் தானாக இருக்காது. யாரோ சுமந்து கொண்டுவந்தது.

எங்கிருந்து என்றால், பூண்டிப் பக்கம் அல்லிக்குழி மலைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அங்குள்ள குடியம் குகைச் சுவரில் கூழாங்கற்கள் பதிந்திருப்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கூழாங்கல் கெட்டிப்பட்டு ஆன பாறை அது. மழை அதை அரித்து, கற்களை ஓடையில் உருட்டிவிடுகிறது. நமக்காக ஆறு பாதி வேலையை முடித்துவைக்கிறது. விரிசல் உள்ளது வழியிலேயே பிளந்துபோகும். முட்டி மோதித் தப்பியதுதான் கையளவுக் கல்லாக நம்மிடம் வந்து சேரும். அதன் தோலைச் சாய்வு வெயிலில் பாருங்கள். வட்டமாகவும் பிறையாகவும் நுண்ணிய தழும்புகள் தெரியும். ஆற்றில் ஒன்றோடொன்று இடித்த இடங்கள் அவை. அந்தத் தழும்பு உள்ள கல்லை நான் கீழே போடுவதில்லை. ஓர் அடிக்கு அது எப்படி உடையும் என்பதை ஏற்கெனவே சொல்லிவிட்ட கல் அது.

குவார்ட்சைட் என்று நம்பி மணற்கல்லை எடுத்துவிடுவது புதியவர்களுக்குச் சகஜம். வெளித்தோலை வைத்துப் பிரிக்க முடியாது. ஓரத்தில் ஒரு சின்னச் சில்லு தட்டிப் பார்க்க வேண்டும். மணற்கல்லில் உடைப்பு மணலைச் சுற்றிச் சுற்றிப் போகும்; உடைந்த முகத்தை விரலால் தேய்த்தால் மணல் உதிரும். நல்ல குவார்ட்சைட்டில் உடைப்பு மணலையே வெட்டிக்கொண்டு நேராகப் போகும். முகம் மினுமினுக்கும், ஓரம் நகத்தைச் சீவும். பிறகு தண்ணீர். கல்லை முழுக்க நனைத்து வெயிலில் வையுங்கள். மேல்பரப்பு காய்ந்த பின்னும் கறுப்புக் கோடு ஒன்று ஈரமாக நின்றால் அங்கே விரிசல் இருக்கிறது. அந்தக் கல்லோடு மல்லுக்கட்டாதீர்கள்.

அடுத்தது ஓசை. தட்டிக் கேட்டுக் கல்லைத் தேர எனக்குக் கற்றுத்தந்தவர் அம்மியும் ஆட்டுக்கல்லும் அடித்த ஒரு பெரியவர். கைக்கோடாரி என்ற சொல்லையே அவர் கேட்டதில்லை. சிற்பிகள் ஆண்கல் பெண்கல் என்று ஓசையில் பிரிப்பார்கள் அல்லவா, அந்தக் காது அவருக்கு. நான் கல்லை இறுக்கிப் பிடித்துத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "கெட்டியாப் புடிச்சா கல்லு பேசாது தம்பி, வுட்டுப் புடி" என்றார். வாங்கி மூன்று விரல் நுனியில் ஏந்தினார். உள்ளங்கை படவே இல்லை. சுண்டைக்காய் அளவுக் கல் ஒன்றால் லேசாகத் தட்டினார். கணீர் என்றது. அடுத்த கல் விரிசல் விட்ட மண்பானை மாதிரி சத்தமிட்டது. பார்க்கக்கூட இல்லை, தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டார். அப்படியே ஒரு குவியலைத் தட்டி முடித்தபோது தேறியது ஒரு கைப்பிடி. உளி பிடித்துக் காய்த்த அந்த விரல்களுக்கு இருந்த மென்மை எனக்கு இன்னும் கைகூடவில்லை.

ஓசை நன்றாக இருந்தாலும் உருவம் பார்க்க வேண்டும். பந்து மாதிரி உருண்ட கல்லில் அடி வழுக்கும். தொடங்க இடமே இருக்காது. ஒரு பக்கமாவது தட்டையாகி, தொண்ணூறு பாகைக்குக் குறைந்த விளிம்பு உள்ள கல்லை எடுங்கள். முதல் அடி அங்கேதான்.

வெங்கச்சங்கல்லை நிறையப் பேர் திட்டுவார்கள். நான் திட்டமாட்டேன். பால்வெள்ளையாகப் பாளம் பாளமாக வெடிப்பது உண்மைதான். ஆனால் கண்ணாடித் தெளிவுள்ள துண்டுகளும் இருக்கின்றன. பொறுமையாகப் பிரித்தால் தேறும். பெரிய கருவியை அதனிடம் கேட்கக் கூடாது. அடைகல் மேல் நிறுத்தி உச்சியில் தட்டினால் சிறுசிறு கூர்ச்சில்லுகள் தரும். தூத்துக்குடிப் பக்கத்துச் செம்மணல் தேரிகளில் கிடைத்த நுண்கருவிகள் வெங்கச்சங்கல்லாலும் செர்ட்டாலும் ஆனவை. இலங்கையில் ஃபாகியன் குகையில் வாழ்ந்த தொல்பழங்கால மனிதர்களும் வெங்கச்சங்கல்லைத்தான் நம்பியிருக்கிறார்கள். கல் என்ன தருகிறதோ அதைச் செய்வதுதான் என் வழக்கம். மனசில் ஓர் உருவத்தை வைத்துக்கொண்டு கல்லைத் தேடினால் ஆயுசு போதாது.

சில இடங்களில் கை வைக்கக் கூடாது. திருவக்கரையில் மரம் கல்லாகிக் கிடக்கிறது. சிலிக்கா ஏறிய கல் என்பதால் கை பரபரக்கும். அது பாதுகாக்கப்பட்ட இடம், பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும். பழைய கருவிகள் கிடக்கும் நிலத்திலும் பொறுக்கக் கூடாது. ஒரே பக்கமாக வரிசையாகச் சில்லு எடுத்த தழும்பு தெரிந்தால் அது ஆறு செய்த வேலை ஆகாது. கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். நான் பெரும்பாலும் கேட்டு வாங்குவது உழவர்களிடம். கொழுவில் தட்டுகிற கல்லையெல்லாம் பொறுக்கி வரப்போரம் குவித்திருப்பார்கள். எடுத்துக்கொண்டு போனால் அவர்களுக்கும் சந்தோஷம்.

மான் கொம்பால் அடிப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். இங்கே அதை வைத்திருந்தால் 1972ஆம் வருஷத்து வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். குஜராத்தில் கம்பாத் அகேட் தொழிலாளிகள் எருமைக் கொம்பை வைத்து அடிக்கிறார்கள். கொம்பின் நுனி கெட்டியானது. நான் அதையும், வைரம் பாய்ந்த புளியங்கட்டையையும் வைத்திருக்கிறேன். குவார்ட்சைட்டுக்கு ஆரம்பத்தில் சுத்தியல்கல் போதும். விளிம்பைச் சன்னப்படுத்தும்போதுதான் கொம்பு.

சில்லு கண்ணில் தெறிக்கும் என்பதால், பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் யாரையும் என் பக்கத்தில் உட்காரவிடுவதில்லை. தெறிக்கும் சில்லைவிடத் தூசி மோசம். இந்தக் கற்களின் பொடி நுரையீரலில் தங்கினால் வெளியே வராது. கல்குவாரி ஆட்கள் இருமுவதைக் கேட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திறந்த வெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி உட்காருங்கள். முகமூடி போடுங்கள். கூட்டும் முன் தண்ணீர் தெளியுங்கள். சில்லுக் குவியலை ஆற்றோரம் கொட்டாமல் குழி தோண்டிப் புதைத்து, அந்த வருஷம் அச்சான ஒரு ரூபாய்க் காசு ஒன்றையும் உள்ளே போடுங்கள். பின்னால் தோண்டுகிற ஆய்வாளர் நம் குப்பைக்குக் காலம் கணித்துச் சிரமப்பட வேண்டாம்.