கொதிக்கிற வண்டி

தென்காசியின் சித்திரை வெயிலில் கொதிக்காத வண்டி, குற்றாலச் சாரலில் கொதித்தது. இதை நான் சொன்னபோதெல்லாம் எதிரில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அப்பாவின் பழைய கார் அது. அவர் போன பிறகு நான்தான் ஓட்டுகிறேன். பள்ளிக்கூடம், அம்மாவின் மருத்துவமனை, ரேஷன் கடை எல்லாவற்றுக்கும் அதுதான். தம்பிக்குச் சென்னையில் வேலை. அவனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை நடந்தது ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. சீசன் தொடங்கியிருந்தது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று முகத்தில் தூவிக்கொண்டிருக்க, கண்ணாடியை இறக்கிவிட்டு அம்மாவோடு பேரருவிக்குப் போய்க்கொண்டிருந்தேன். தென்காசியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர்தான். ஆனால் அன்று வண்டிகள் நத்தையாக நகர்ந்தன. டெம்பரேச்சர் முள் மெல்ல ஏறி சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தேன். திறந்த நிமிடத்தில் ஏழெட்டு ஆண்கள் கூடிவிட்டார்கள்.

அருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்த ஒருவர் ரேடியேட்டர் மூடியில் கையை வைத்தார். “அண்ணாச்சி, திறக்காதீங்க. உள்ள அழுத்தத்துல இருக்கு, பொங்கிரும்” என்றேன். நான் இயற்பியல் ஆசிரியை. அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காமல் நிற்கும், மூடியைத் திறந்ததும் ஆவியாகப் பீறிடும் என்பதை வருடாவருடம் ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்கிறவள். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. துண்டைச் சுற்றித் திருகினார். புஸ்ஸென்று அடித்ததில் இரண்டடி பின்னால் குதித்தார். நல்லவேளை, துண்டோடு போயிற்று. “சொல்லக் கூடாதாம்மா?” என்று என்னிடம் கோபித்துக்கொண்டார்.

அடுத்த நாள் ஒர்க்‌ஷாப். கதையை முழுதாகச் சொல்வதற்குள், “கிளட்ச்ச மிதிச்சுக்கிட்டே ஓட்டுவீங்களா மேடம்?” என்று கேட்டார் மெக்கானிக். இல்லை என்றேன். “லேடீஸ் அப்படித்தான் ஓட்டுவாங்க” என்றார். தெர்மோஸ்டாட் வால்வை மாற்றினார். போகும்போது, “ஏசி போடாதீங்க, எஞ்சினுக்கு லோடு” என்றார். நானும் பணிவான பெண்ணாக ஏசியைத் தொடவே இல்லை.

அதற்குப் பிறகு வண்டி முன்னைவிட அடிக்கடி கொதித்தது. பேருந்து நிலையத்து நெரிசலில் கொதித்தது. பள்ளி விடும் நேரத்தில் கொதித்தது. இரண்டாவது ஒர்க்‌ஷாப்பில் ரேடியேட்டரைச் சுத்தம் செய்து வாட்டர் பம்ப்பை மாற்றினார்கள். மூன்றாவது இடத்தில் ஹெட் கேஸ்கட் போயிருக்கும், எஞ்சினைப் பிரிக்க வேண்டும், இருபத்தைந்தாயிரம் ஆகும் என்றார்கள். நான் கேள்வி கேட்கத் தொடங்கியதும், “வீட்டுல ஜென்ட்ஸ் யாரும் இருந்தா பேசச் சொல்லுங்க” என்றார்கள். தம்பியின் எண்ணைக் கொடுத்தேன். பானெட் எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரியாத என் தம்பியிடம் அரைமணி நேரம் ஹெட் கேஸ்கட்டை விளக்கினார்கள். இரவு அவன் கூப்பிட்டான்: “அக்கா, வித்துரலாம். உனக்கு எதுக்கு இந்தத் தொல்ல? ஆட்டோ வச்சுக்கோ.”

விற்றுவிட்டால் என்ன ஆகும் என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். அம்மாவை நினைத்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாது. விடிகாலையில் கூட்டம் வருமுன் பழைய குற்றாலத்தில் குளித்துவிட்டு ஏழு மணிக்கு வீடு திரும்பும் என் ஒரே ஆடம்பரமும் போகும். யாரையும் கேட்காமல் கிளம்பும் பழக்கம் எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது. அதை இருபத்தைந்தாயிரத்துக்காக விட எனக்கு மனமில்லை.

மறுநாள் ஒரு நோட்டை எடுத்துக் கட்டம் போட்டேன். தேதி, நேரம், சாலை, வேகம், மழையா வெயிலா, முள் எங்கே நின்றது. ராஜபாளையம் வரை ஓடிய அன்று முள் அசையவில்லை. அப்படியென்றால் வேகத்தில் எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது, தண்ணீரும் சரியாகச் சுற்றுகிறது. நின்று நகரும்போதுதான் கோளாறு. அங்கே வேலை செய்ய வேண்டியது ஃபேன். ஆனால் மூன்று ஒர்க்‌ஷாப்பிலும் ஃபேன் ஓடியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

விடையைக் கொடுத்தது ஆகஸ்டில் ஒரு மழை. ஐந்தருவி சாலையில் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டோம். முள் நடுவிலேயே நின்றது. நோட்டில் எழுதும்போது விரல் தயங்கியது. அன்று மட்டும் என்ன வித்தியாசம்? “கண்ணாடில புகை படிஞ்சதுன்னு ஏசி போட்டியேட்டி” என்றார் அம்மா.

வீட்டு முற்றத்தில் எஞ்சினை ஓடவிட்டேன். ஏசி இல்லாமல் முள் நடுவைத் தாண்டி ஏறியது, ஃபேன் அசையவில்லை. ஏசியைப் போட்டேன். ஃபேன் சுழன்றது, முள் இறங்கியது. என் வண்டியில் ஃபேனை ஓட்ட இரண்டு வழிகள் இருந்தன. ஏசி போட்டால் ஓடும். அல்லது தண்ணீர் சூடானால், ரேடியேட்டரில் இருக்கும் சுவிட்ச் ஓட்டும். அந்த இரண்டாவது வழி செத்திருந்தது. மெக்கானிக்குகள் ஒவ்வொருவரும் ஏசியைப் போட்டுத்தான் ஃபேனைச் சோதித்திருக்கிறார்கள். வெயிலில் நான் ஏசி போட்டு ஓட்டினேன், அதனால் கொதிக்கவில்லை. சாரலில் தேவைப்படவில்லை, கொதித்தது. “ஏசி போடாதீங்க” என்ற அறிவுரையே என் வண்டிக்கு நோயாக இருந்திருக்கிறது.

ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் நோட்டைக் காட்டினேன். அவர் மட்டும் கடைசி வரி வரை படித்தார். சுவிட்ச்சின் இணைப்பைக் கழற்றி, இரண்டு முனைகளையும் ஒரு வயரால் சேர்த்தார். ஃபேன் ஓடியது. “சுவிட்ச்சுதான் டீச்சர்” என்றார். அறுநூறு ரூபாய்க்குள் முடிந்தது.

1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டிப் போனார். அந்த வண்டியில் இப்போதுள்ள ரேடியேட்டர் கிடையாது. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும், வழியெல்லாம் ஊற்ற வேண்டும். அடைத்த எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணத்தை ஓட்டியவரும் பழுது பார்த்தவரும் ஒரு பெண். வண்டியை உருவாக்கவும் அவருடைய சீர்ப்பணம் உதவியிருந்தது. 1886இன் காப்புரிமை கார்ல் பென்ஸ் பெயரில் இருக்கிறது. அதற்குப் பின் இவ்வளவு காலம் கழித்தும் கிளட்ச்சை மிதிப்பதாக நம்மிடம் சொல்கிறார்கள்.

வண்டி சரியானதை அம்மாவிடம் சொன்னேன். சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தவர், “எனக்கும் கிறுகிறுன்னு வருது, எப்ப வருதுன்னு எவனும் கேக்கலயே” என்றார். இரண்டு வருடமாக அந்தத் தலைச்சுற்றலுக்கு ‘வயசு’ என்ற ஒற்றைச் சொல்லைத்தான் டாக்டர்கள் கொடுத்திருந்தார்கள். அதையும் என்னிடம்தான் சொல்வார்கள், அம்மாவிடம் இல்லை. நானும் அம்மாவைக் கேட்டதில்லை. மூன்று மாதம் ஒரு முள்ளைப் பார்த்து எழுதியவள், பக்கத்து சீட்டில் இருந்தவரைக் கேட்கவில்லை.

அதே நோட்டில் அடுத்த பக்கம் கட்டம் போட்டேன். நேரம், சாப்பிட்டது, மாத்திரை, உட்கார்ந்திருந்தாரா எழுந்தாரா. இரண்டு வாரத்தில் தெரிந்தது: காலை பிரஷர் மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்குள், எழுந்து நிற்கும்போது. வேறொரு டாக்டர் அதைப் பார்த்தார். உட்காரவைத்தும் நிற்கவைத்தும் பிரஷர் எடுத்தார். மாத்திரையின் அளவைக் குறைத்தார்.

நோட்டு இப்போது வண்டியின் டேஷ்போர்டில் இருக்கிறது. பக்கங்கள் இன்னும் நிறைய மிச்சம்.