கீபோர்டைக் கெடுத்தது அந்தப் பையன் இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படிக்கவும்.

நவராத்திரி மூன்றாம் நாள் இரவு நம் கோவிலில் இருந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். மகளிர் குழுவினர் அபிராமி அந்தாதி பாடி முடித்து, அடுத்த பாட்டுக்கு மாறும் நேரம். கீபோர்டில் ஒரு சுரம் அப்படியே பிடித்துக்கொண்டது. வாசித்த பையன் கையை எடுத்துவிட்டான், சத்தம் நிற்கவில்லை. ஸ்பீக்கர் முழுக்க ஒரே 'ஊ...' என்ற சத்தம். தீபாராதனைக்குத் தட்டை எடுத்த குருக்கள் திரும்பிப் பார்த்தார். பையன் பயந்துபோய் சுவிட்சையே அணைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததும் நினைவிருக்கும். "கண்டதையும் அமுக்காதேன்னு எத்தனை தடவைடா சொல்றது?" என்று நிர்வாகத்தில் ஒரு பெரியவர் எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டார். நானும் சும்மா இருக்கவில்லை. "போன்ல கேம் விளையாடுற மாதிரி இதுல விளையாடாத தம்பி. இது உபயமா வந்த சாமான்" என்றேன். "நான் ஒன்னும் பண்ணல அங்கிள்" என்றான். யாரும் காதில் வாங்கவில்லை. மூன்றாம் படிவம் படிக்கிற பிள்ளை. தலையைக் குனிந்துகொண்டு அம்மாவோடு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனான். மறுநாள் வரவில்லை. விஜயதசமிக்கும் வரவில்லை. மீதி நாளெல்லாம் பழைய ஆர்மோனியப் பெட்டியை வைத்துச் சமாளித்தோம்.

நவராத்திரி முடிந்ததும் கீபோர்டை ரிப்பேருக்குக் கொடுக்கலாம் என்று முடிவானது. அதற்கு முன்னால் பிரிக்பீல்ட்ஸில் இசை சொல்லிக்கொடுக்கும் என் நண்பருக்குப் போன் போட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "உள்ளே சாஃப்ட்வேர் எந்த வெர்ஷன்?" கீபோர்டுக்கு வெர்ஷன் இருக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நான் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் பேப்பர் வேலை பார்ப்பவன், கம்ப்யூட்டர் ஆள் இல்லை.

அவர் விளக்கினார். ஆர்மோனியத்தில் கட்டையை அமுக்கினால் காற்று போய் ரீடு ஒலிக்கும். கையை எடுத்தால் காற்று நின்றுவிடும். கீபோர்டில் அப்படி இல்லை. அமுக்கும்போது 'ஒலி தொடங்கு' என்று ஒரு செய்தி போகிறது, விடும்போது 'ஒலி நிறுத்து' என்று இன்னொரு செய்தி. 1983-ல் வந்த மிடி முறையும் இப்படித்தான் வேலை செய்கிறது. இரண்டாவது செய்தி எங்கேயாவது தவறிவிட்டால், கை எடுத்த பிறகும் சத்தம் நிற்காது. இந்தச் செய்திகளை உள்ளே கவனிக்கிற நிரலுக்குப் பெயர்தான் ஃபர்ம்வேர். அதில் பிழை இருந்தால் கம்பெனி திருத்தி, புது வெர்ஷனாக இணையத்தில் போடுவார்கள்.

நம் கீபோர்டுக்கும் ஒரு புது வெர்ஷன் இருந்தது. திருத்தங்களின் பட்டியலில் ஒரு வரி: தாளத்தை மாற்றும்போது சில சமயம் ஒலி நிற்காமல் போகும் பிழை சரிசெய்யப்பட்டது. அதைப் படித்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கு அவன் செய்தது அதுதானே, அடுத்த பாட்டுக்குத் தாளத்தை மாற்றினான். அவ்வளவுதான்.

சரி, நாமே போட்டுவிடலாம் என்று இறங்கினேன். மூன்று நாள் ஆனது.

முதல் நாள், காரில் பாட்டுக் கேட்கிற 64 ஜிபி பென்டிரைவைக் கொண்டுபோய் செருகினேன். 'படிக்க முடியவில்லை' என்று திரையில் வந்தது. என் பென்டிரைவ் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் இருந்தது. நம் கீபோர்டுக்கு ஃபேட் 32 வேண்டுமாம். அது 1996-லிருந்து இருக்கும் பழைய முறை, பல கருவிகளுக்கு இன்னும் அதுதான் புரியும். விண்டோஸில் வழக்கமான ஃபார்மட் பெட்டியில் 32 ஜிபிக்கு மேற்பட்ட பென்டிரைவுக்கு ஃபேட் 32 வரவில்லை. மறுநாள் மகளின் மேசையில் ஒரு 8 ஜிபி கிடைத்தது. ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும் என்பதால் அவளிடம் கேட்டுவிட்டே செய்தேன்.

இரண்டாம் நாள் கீபோர்டு பென்டிரைவை ஏற்றுக்கொண்டது. வழிகாட்டியில், அப்டேட் செய்தால் சேமித்துவைத்த அமைப்புகள் அழியலாம், முதலில் நகல் எடுக்கவும் என்று போட்டிருந்தது. அப்படி என்ன பெரிதாகச் சேமித்திருக்கப் போகிறான் என்று நினைத்துத்தான் திறந்தேன்.

முப்பதுக்கும் மேலே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஆங்கில எழுத்தில் தமிழில் பெயர் வைத்திருந்தான். 'டீச்சர் ஐந்தரை.' 'பாட்டி நாலரை மெதுவா.' 'அக்கா ஐந்து, தபேலா மட்டும்.' நம் கோவிலில் பாடுகிற ஒவ்வொருவருக்கும் எந்தக் கட்டை, எந்த வேகம், என்ன தாளம் என்று தனித்தனியாகப் போட்டு வைத்திருக்கிறான். பாட்டிக்கு இப்போதெல்லாம் மேலே எட்டவில்லை, அதனால் அரை அரையாக இரண்டு படி இறக்கி ஐந்தரையிலிருந்து நாலரைக்குக் கொண்டுவந்திருக்கிறான். பாட்டியே அதைக் கவனித்திருக்க மாட்டார். நாம் 'கண்டதையும் அமுக்குறான்' என்று சொன்னது இதைத்தான்.

கடைசியாக ஒன்று இருந்தது. 'தாத்தா ஒன்றரை, வெயிட்.' அன்று அவனைத் திட்டிய பெரியவருக்கானது அது. அவர் முதல் வரியை எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் எடுப்பார். அவருக்காகக் காத்திருக்க வேண்டும் என்று பிள்ளை குறித்து வைத்திருக்கிறான்.

எல்லாவற்றையும் பென்டிரைவில் நகல் எடுத்து, வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இன்னொரு நகல் வைத்தேன். அப்டேட் மட்டும் அன்றும் ஓடவில்லை. ஜிப் கோப்பை அப்படியே போட்டது ஒரு தப்பு, பிரித்துப் போட்டிருக்க வேண்டும். பிரித்த கோப்பை ஒரு ஃபோல்டருக்குள் வைத்தது இரண்டாவது தப்பு. வெளியே எடுத்துவைத்தும் கீபோர்டு கண்டுகொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுப் பார்த்தால், கோப்பின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஒரு '1' ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரே கோப்பை இரண்டு முறை இறக்கியதால் கம்ப்யூட்டர் தானாகச் சேர்த்தது. பெயர் ஓர் எழுத்து மாறினாலும் கீபோர்டுக்கு அது வேறு கோப்பு.

மூன்றாம் நாள் இரவு பூஜை முடிந்ததும், சொன்ன பொத்தான்களை அமுக்கிப் பிடித்தபடி சுவிட்சைப் போட்டேன். திரையில் எண் ஏற ஆரம்பித்தது. எண்பதைத் தாண்டும்போது குருக்கள் நடை சாத்திவிட்டு மெயின் சுவிட்ச் பெட்டியைத் திறந்தார். "சாமி, அமுக்காதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பாவம், அவர் சாவிக்கொத்தையே கீழே போட்டுவிட்டார். பாதியில் கரண்ட் போனால் கீபோர்டு திரும்ப எழாமலே போகலாம், சர்வீஸ் சென்டருக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இரண்டு பேரும் சன்னதிக்கு வெளியே நின்று நூறு வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

வந்தது. புது வெர்ஷன் எண்ணைச் சரிபார்த்தேன். பையனின் அமைப்புகளைத் திரும்ப ஏற்றினேன். இருபது தடவை தாளத்தை மாற்றி மாற்றி வாசித்தேன். ஒரு தடவைகூட ஒலி சிக்கவில்லை.

மறுநாள் அந்தப் பெரியவரைக் கூப்பிட்டு, திருத்தப் பட்டியலில் உள்ள அந்த வரியைப் படித்துக் காட்டினேன். பிறகு 'தாத்தா ஒன்றரை, வெயிட்' என்பதையும் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அவன் வீடு எங்கேன்னு தெரியுமா?" என்றார்.

புரட்டாசி சனிக்கிழமை, பெருமாள் கோவில் கூட்டத்தில் வண்டி நகரவே இல்லை. ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தோம். பெரியவர் வாசலிலேயே, "தம்பி, தாத்தா தெரியாம பேசிட்டேன்யா" என்றார். நானும் என் பங்குக்குச் சொன்னேன். பையன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அங்கிள், என் செட்டிங் எல்லாம் அழிஞ்சிருச்சா?"

"ஒன்னுகூட அழியலப்பா. எல்லாம் இருக்கு."

போன வெள்ளிக்கிழமை பஜனைக்கு வந்து உட்கார்ந்தான். பாட்டி நாலரையில் நிம்மதியாகப் பாடினார்.

அவனிடமும் அவன் அம்மாவிடமும் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றான். திட்டியது பலர் முன்னாடி, அதனால் மன்னிப்பும் பலர் முன்னாடியே இருக்கட்டும். தப்பு கருவியில் இருந்தது. அதைப் பார்க்காமல் பிள்ளையைச் சொன்ன தப்பு எங்களுடையது.

மற்ற கோவில் தொண்டர்களுக்கு உதவட்டும் என்று கற்றுக்கொண்டதைக் கீழே போடுகிறேன்:

1. அப்டேட் முறை மாடலுக்கு மாடல் மாறும். சிலவற்றுக்குப் பென்டிரைவ், சிலவற்றுக்கு கேபிள். உங்கள் மாடலின் வழிகாட்டியை முதலில் படிக்கவும். கோப்பை கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுக்கவும்.

2. பென்டிரைவ் என்றால் 32 ஜிபிக்குள் உள்ளதே வசதி. வழிகாட்டி வேறு மாதிரி சொல்லாவிட்டால் ஃபேட் 32-ல் ஃபார்மட் செய்யவும்.

3. ஜிப்பைப் பிரித்து, ஃபோல்டர் எதற்குள்ளும் வைக்காமல், பெயரை மாற்றாமல் போடவும்.

4. வாசிப்பவர் சேமித்ததை முதலில் நகல் எடுக்கவும். அது யாரோ ஒருவரின் பல மாத உழைப்பு.

5. பேட்டரியை நம்ப வேண்டாம், அடாப்டரில் ஓட்டவும். மெயின் சுவிட்ச் பக்கம் போகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடவும்.

6. திருவிழாவுக்கு முதல் நாள் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

வரும் வெள்ளிக்கிழமையும் பஜனை உண்டு. வந்து பாடுங்கள். உங்கள் கட்டை என்னவென்று உங்களுக்குத் தெரியாவிட்டால் கவலை வேண்டாம், தம்பி குறித்து வைத்திருப்பான்.

திருச்சிற்றம்பலம்.