கரண்டு வைத்தால் சரியாகுமா?

திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் காலை ஏழு மணிக்கே மலையாளத்தோடு தமிழும் காதில் விழும். மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர்களின் தமிழ். நானும் மாமாவும் அப்படித்தான் வந்திருந்தோம். மாமா நாற்பது வருடம் வயரிங் வேலை பார்த்தவர். ஆறு மாதமாக வலது கையால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் சாகிற மோட்டார் நியூரான் நோயாக இருக்கலாம் என்று சந்தேகம்.

நரம்புப் பரிசோதனை அறையில் டெக்னீஷியன் இடது மணிக்கட்டில் மின்முனையை அழுத்தினார். கட்டைவிரல் துள்ளி எழுந்தது. வலது கைக்கு மாற்றினார். விரல் லேசாக அசைந்து அடங்கிவிட்டது. திரையில் இடது கைக்கு மலையாக எழுந்த கோடு, வலது கைக்குச் சின்ன மேடு. பிறகு மெல்லிய ஊசி ஒன்று தசைக்குள் இறங்கியது. ஸ்பீக்கரில் தகரக் கூரையில் மழை பெய்கிற சத்தம். நல்ல தசை ஓய்வில் சத்தமே போடாது. நரம்பின் தொடர்பு அறுந்த தசையிழைகள் தாமாகத் துடிக்கிற சத்தம் அது.

வெளியே வந்ததும் மாமா கேட்டார்: "மக்கா, கரண்டு வச்சதும் வெரலு அனங்குச்சுல்லா? தெனமும் வச்சா சரியாவாதா?"

அவருடைய பக்கத்து வீட்டுக்காரருக்குப் பார்க்கின்சன் நோய்க்காக மூளைக்குள் மின்முனை வைத்து, கை நடுக்கம் அடங்கியிருக்கிறது. அந்தச் சிகிச்சை இதே வளாகத்தில் உள்ள ஸ்ரீசித்திரை மருத்துவ நிறுவனத்திலும் நடக்கிறது. ஆகவே மாமா கேட்டதில் நியாயம் உண்டு.

ஆராய்ச்சியாளர்களும் இதையே கேட்டார்கள். மூச்சை இயக்கும் உதரவிதானத்தை மின்சாரத்தால் தூண்டும் கருவியை மோட்டார் நியூரான் நோயாளிகளுக்குப் பொருத்த அமெரிக்கா 2011-ல் அனுமதி தந்தது. பிரிட்டனில் அந்த நோயாளிகள் 74 பேரிடம் அதைச் சோதித்தார்கள். 2015-ல் முடிவு வந்தது. முகமூடி வழியே காற்றுத் தரும் கருவி மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 22.5 மாதம் தாண்டினார்கள். மின்தூண்டலும் சேர்த்துப் பெற்றவர்களில் பாதிப் பேர் தாண்டியது 11 மாதம்தான். உதவும் என்று நம்பி வைத்த கருவி ஆயுளைக் குறைத்திருந்தது. சோதிக்காமல் விட்டிருந்தால் எத்தனை பேருக்கு அதைப் பொருத்தியிருப்பார்களோ!

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு நோய், தண்டுவடத் தசைச் சிதைவு எனப்படும் எஸ்.எம்.ஏ. அதில் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் 2025-ல் வேறு செய்தி சொன்னார்கள். மூன்று பேருக்கு முதுகுத்தண்டில் மின்முனை வைத்து, உணர்வு நரம்புகள் வழியாக, சாகாமல் சோர்ந்து கிடந்த இயக்க நரம்புச் செல்களை எழுப்பினார்கள். ஒரு மாதத்தில் மூவரும் ஆறு நிமிடத்தில் குறைந்தது 20 மீட்டர் கூடுதலாக நடந்தார்கள். மூன்றே பேர்தான் என்றாலும், செல் உயிரோடிருந்தால் மின்சாரத்துக்கு அங்கே வேலை இருக்கலாம்.

ஸ்ரீசித்திரையைக் கடந்து நடந்தோம். 1990-ல் முதல் நோயாளிக்குப் பொருத்திய சித்ரா இதய வால்வு உருவானது இங்கேதான். முதல் மூன்று வடிவங்கள் சோதனையில் தோற்று, நான்காவதுதான் மனித இதயத்துக்குப் போனது.

உதரவிதானம், முதுகுத்தண்டு என்ற இரண்டு சோதனைகளின் கதையையும் மறைக்காமல் மாமாவிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை.

"லைன டெஸ்டு பண்ணாம சுவிச்சப் போடக்கூடாது மக்கா. அது எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு இடது கையால் ஓ.பி. சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "டாக்டருகிட்ட மூச்சு மெஷினப் பத்தி முதல்ல கேப்போம்" என்று முன்னால் நடந்தார்.