அப்பா படிச்ச கோட்டை!

என் கம்ப்யூட்டர் ஸ்க்ரீன்ல ரொம்ப நாளா இருந்த படம், பிரான்ஸ்ல இருக்கிற ஷாம்போர் கோட்டை. 1519-ல் கட்ட ஆரம்பிச்சது. ஊருக்கு வெளியே, காட்டுக்கு நடுவுல, உருண்டையான கோபுரங்களோட கம்பீரமா நிக்கும். 'சிவில் முடிச்சதும் முதல் ஃப்ளைட் அங்கதான்'னு தென்னூர் டீக்கடையில நான் அலப்பறை விடாத நாளே இல்லை.

'நம்ம பக்கத்துக் கோட்டை ஒண்ணைப் பத்தி எழுதிட்டு வா'ன்னு பத்திரிகையில சொன்னப்பதான், சென்னை போகும்போதெல்லாம் பஸ் ஜன்னல்ல வந்து போகிற ரஞ்சன்குடி ஞாபகம் வந்துச்சு. பெரம்பலூரைத் தாண்டி சுமார் 17 கிலோ மீட்டர். ஞாயித்துக்கிழமை கிளம்பினேன். "சும்மாதானே இருக்கேன், நானும் வர்றேன்டா"ன்னு அப்பாவும் சட்டையை மாட்டினார்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிடறேன். அப்பா கொத்தனார். காலேஜ்ல யாராவது கேட்டா, 'கன்ஸ்ட்ரக்ஷன் லைன்'னு மழுப்பிடுவேன். அட்மிஷன் அன்னிக்கு அவரை கேட்டுக்கு வெளியிலேயே நிக்க வெச்சவன் நான்.

ரஞ்சன்குடி, 17-ம் நூற்றாண்டுல, ஆற்காடு நவாப்புக்குக் கீழ இருந்த ஜாகீர்தார் கட்டின கோட்டை. சுத்தி அகழி. ஒண்ணைவிட ஒண்ணு உசரமா மூணு அடுக்கு மதில். அரைவட்டக் கொத்தளங்கள். உள்ளே அரண்மனை, மசூதி, நிலவறைகள்.

நோட்டைப் பிரிச்சு லெக்சரை ஆரம்பிச்சேன். "கொத்தளம் வளைவா இருந்தா பீரங்கிக் குண்டு நேரா மோதாம வழுக்கிட்டுப் போகும்ப்பா."

அவர் காதுல வாங்கினாரான்னே தெரியலை. கல்லைத் தடவிக்கிட்டே நடந்தவர், ஒரு இடத்துல நின்னார். "இங்க பாரு... கீழ் வரியில இடுக்கு எங்க இருக்கோ, அதுக்கு மேல முழுக்கல்லை உக்கார வெச்சிருக்கான். இடுக்குக்கு மேல இடுக்கு வந்தா, செவுரு அங்கேயே பொளந்துக்கும்" என்றார். கொஞ்சம் தள்ளிப் போய், "இந்த ஒட்டு அப்புறமா போட்டது. இது வேற கை."

'வேற கை'! அஞ்சு செமஸ்டர் புத்தகத்துல எனக்கு இந்த வார்த்தை கிடைக்கவே இல்லை.

1751-ல் வாலிகண்டபுரம் சண்டை நடந்தது இந்தப் பக்கத்துலதான். ஒரு பக்கம் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரங்களும். எதிர்ல, முகமது அலிக்காக வந்த இங்கிலீஷ்காரங்க. பின்வாங்கின இங்கிலீஷ் படை திருச்சிக்குள்ள வந்து அடைஞ்சுது. துரத்தி வந்த பிரெஞ்சுப் படையோ, 1752 ஜூன்ல நம்ம ஸ்ரீரங்கத்துல சரணடைஞ்சுது. சந்தா சாகிப் தலையையே இழந்தார். இவங்க பேரையெல்லாம் வரலாறு பத்திரமா எழுதி வெச்சிருக்கு.

"மதிலைக் கட்டினவங்க பேரு மட்டும் எங்கேயும் இல்லையேப்பா?"ன்னு கேட்டேன்.

சிரிச்சார். "நான் கட்டின வீட்டுல எதுலடா என் பேரு இருக்கு?"

பதில் சொல்ல வாய் வரலை. திரும்பி வர்ற பஸ்ல என் தோள்ல சாய்ஞ்சு தூங்கிட்டார். வெடிச்சுக் காய்ச்சுப்போன அவர் விரல்களை அன்னிக்குத்தான் ஒழுங்கா பார்த்தேன்.

போன வாரம் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ஃபாரம் கொடுத்தாங்க. 'தந்தையின் தொழில்'ங்கிற கட்டத்துல 'கொத்தனார்'னு கொட்டை எழுத்துல எழுதினேன். ஸ்க்ரீன்ல இருந்த ஷாம்போரையும் மாத்தியாச்சு. இப்போ அங்கே ரஞ்சன்குடி மதில் இருக்கு. ஓரத்துல, அதைத் தடவிப் பார்க்கிற ஒரு கை!