சந்தை மூடும் நாள்

சென்ற ஆனி மாதத்து மாலைப் பொழுதொன்றில் ஐரோப்பாவின் வரைபடத்தை உணவு மேசைமீது விரித்து, மின்விசிறிக் காற்றில் அது பறந்துவிடாதபடி நான்கு மூலைகளிலும் உப்புச் சாடியையும் ஊறுகாய்ப் புட்டியையும் விவிலியத்தையும் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் பாரமாக வைத்தோம். பள்ளிக்கூட மணியோசைக்குக் கட்டுப்பட்டே வாழ்வைக் கழித்த ஆசிரியர்கள் நாங்கள் இருவரும். டிசம்பர் விடுமுறை எங்களுக்கு எப்போதும் விடைத்தாள் திருத்தும் காலமாகவே இருந்தது. ஓய்வு பெற்ற பின்னராவது பனி பொழியும் நாடுகளில் ஒரு கிறிஸ்துமஸைக் காண வேண்டும் என்பது எங்கள் நெடுநாளைய ஆசை. விளக்கொளியில் மின்னும் மரக்கடைகள் நிறைந்த சந்தைகளை அஞ்சலட்டைகளில் பார்த்துப் பார்த்தே அந்த ஆசையை வளர்த்திருந்தோம்.

திட்டம் எளிதாகத்தான் தோன்றியது. 22ஆம் நாள் புறப்படுவது. 24ஆம் நாள் நள்ளிரவுத் திருப்பலியில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் பேராலயத்தில் பங்கேற்பது. பின்னர் ஜெர்மனியின் நியூரம்பெர்க், டிரெஸ்டன் நகரங்களின் சந்தைகளைக் கண்டு, புத்தாண்டுக்குப் பின் வீடு திரும்புவது. வீட்டில் எண்பத்து நான்கு வயதுத் தாயார் இருக்கிறார். அவரிடம் இதைச் சொன்னபோது, "போயிட்டு வாங்க" என்று மட்டும் கூறிவிட்டுச் செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டார். அந்த இரு சொற்களை நாங்கள் இசைவு என்றே எடுத்துக்கொண்டோம். வேண்டியவாறு பொருள் கொள்வதில் ஆசிரியர்கள் வல்லவர்கள்.

நாள்களைக் குறிக்கத் தொடங்கியபோதுதான் பிழை தெரிந்தது. நியூரம்பெர்க் சந்தை டிசம்பர் 24 பிற்பகல் இரண்டு மணியோடு முடிந்துவிடுகிறது. டிரெஸ்டனிலும் அவ்வாறே. கொலோன் பேராலயத்தின் நிழலில் கூடும் சந்தையோ 23ஆம் நாளிலேயே மூடிவிடுகிறது. வியன்னாவிலும் பெர்லினிலும் விழாவுக்குப் பின்னும் தொடரும் சந்தைகள் சில உண்டு. ஆயினும் பழம்பெரும் சந்தைகளில் பலவும் பாலன் பிறப்பதற்கு முன்பே கடையைக் கட்டிவிடுகின்றன. 25, 26 ஆகிய இரு நாள்களும் ஜெர்மனியில் பொது விடுமுறை. கடைத்தெருக்கள் அடைத்தே கிடக்கும். நாங்கள் வகுத்த திட்டப்படி போயிருந்தால், பிரித்துப்போட்ட பலகைகளையும் வெறிச்சோடிய திடல்களையும் கண்டு திரும்பியிருப்போம்.

நாங்கள் கிறிஸ்துமஸ் சந்தை என்று எண்ணியிருந்தது உண்மையில் திருவருகைக் காலத்துச் சந்தை, அது காத்திருப்போருக்கானது. டிரெஸ்டன் சந்தை 1434ஆம் ஆண்டில், சாக்சனி ஆட்சியாளர் இரண்டாம் பிரெடரிக் வழங்கிய அனுமதியின் பேரில், விழாவையொட்டிய ஒரேநாள் இறைச்சிச் சந்தையாகத் தொடங்கியது. நோன்பிருந்தவர்கள் விழா விருந்துக்கு இறைச்சி வாங்கிச் செல்வதற்காக ஏற்பட்டது அது. அந்நகரின் புகழ்பெற்ற ஸ்டோலன் என்னும் உலர்பழ ரொட்டியும் முதலில் நோன்புப் பண்டமே. திருவருகைக் காலத்தில் வெண்ணெய் விலக்கப்பட்டிருந்தமையால் எண்ணெய் சேர்த்துச் சுவையின்றிச் சுட்டார்கள். சாக்சனி ஆட்சியாளர்கள் உரோமைக்கு விண்ணப்பித்தனர். 1491இல் திருத்தந்தை எட்டாம் இன்னொசென்ட் வெண்ணெய்க்கு அனுமதி அளித்தார். அதற்கீடாக ஆலயக் கட்டுமானத்துக்குக் காணிக்கை செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. இன்று அந்த ரொட்டியில் வெண்ணெய் வழிகிறது. நோன்புதான் நினைவிலிருந்து நழுவிவிட்டது. அவர்களைக் குறை கூற எங்களுக்கு உரிமையில்லை. திருவருகையின் நான்கு வாரங்களும் எங்கள் வீட்டில் முறுக்கு சுடுவதிலும் துணிக்கடைகளில் ஏறி இறங்குவதிலுமே கழிகின்றன.

ஸ்ட்ராஸ்பூர்க்கின் கதை வேறு. அங்கு முன்னர் நடந்துவந்தது புனித நிக்கோலாஸ் பெயரிலான சந்தை. புனிதர் வணக்கத்தை ஏற்காத சீர்திருத்த சபையினரின் செல்வாக்கினால் 1570இல் அது குழந்தை இயேசுவின் சந்தையாக மாற்றப்பட்டது. கடைகளும் பண்டங்களும் தொடர்ந்தன, பெயர்தான் மாறியது.

டிரெஸ்டனுக்குத் தெற்கேயுள்ள தாதுமலைப் பகுதியின் மரப்பொம்மைகளைப் பற்றி அறிந்த பிறகு அந்நகரைப் பட்டியலிலிருந்து நீக்க எங்களுக்கு மனம் வரவில்லை. வெள்ளியும் வெள்ளீயமும் குறைந்து சுரங்கங்கள் நலிந்தபோது அங்குள்ள தொழிலாளர் மரம் கடைந்து பிழைத்தனர். குளிர்காலத்தில் விடியுமுன் சுரங்கத்துள் இறங்கி இருட்டிய பின் ஏறி வந்தவர்கள் அவர்கள். வாரக்கணக்கில் பகலொளியே காணாதவர்கள். வில் வடிவ மெழுகுவர்த்தித் தாங்கிகளையும், கையில் விளக்கேந்திய சுரங்கத் தொழிலாளி, வானதூதர் உருவங்களையும் செய்து சன்னல்களில் வைத்தனர். வீட்டிலுள்ள ஆண் மக்களின் எண்ணிக்கைக்குத் தொழிலாளி உருவங்களும், பெண் மக்களுக்கு வானதூதர் உருவங்களும் வைப்பது வழக்கமாம். பிற்பகல் நான்கு மணிக்கே சூரியன் மறையும் அந்த மலையூர்களில், நடந்துபோகும் வழிப்போக்கன் ஒவ்வொரு வீட்டின் பிள்ளைகளையும் சன்னலிலேயே எண்ணிவிடலாம்.

நியூரம்பெர்க்கில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழுந்தது. அவ்வூர்ச் சந்தைக்கு 1628ஆம் ஆண்டின் எழுத்துச் சான்று உண்டு. திருவருகையின் முதல் ஞாயிறுக்கு முந்தைய வெள்ளியன்று, பொன்முடி சூடிய குழந்தை இயேசுவாக வேடமிட்ட இளம்பெண் அன்னை மரியா ஆலயத்தின் மாடத்தில் நின்று சந்தையைத் திறந்து வைக்கிறாள். ஆனால் அந்தத் திடலே முன்பு யூதர்கள் குடியிருந்த பகுதி. அவர்களின் வீடுகளை இடித்துச் சந்தைத் திடல் அமைக்கவும், தொழுகைக்கூடம் நின்ற இடத்தில் அன்னைக்கு ஆலயம் எழுப்பவும் மன்னர் நான்காம் சார்லஸ் இசைவளித்தார். 1349 டிசம்பர் 5ஆம் நாள், புனித நிக்கோலாஸ் திருநாளுக்கு முந்தைய நாள், குறைந்தது 562 யூதர்கள் அங்கே கொல்லப்பட்டனர். இயேசுவும் அவருடைய தாயும் யூதர்களே என்பது அன்று எவருக்கும் நினைவு வரவில்லை போலும். 2019இல், இந்தியத் தந்தைக்கும் ஜெர்மானியத் தாய்க்கும் பிறந்த நியூரம்பெர்க் பெண் அவ்வேடத்துக்குத் தேர்வானபோது, ஓர் அரசியல் கட்சியின் கிளையொன்று அவளைக் குறித்து இழிவாக எழுதிற்று. ஊரார் அவள் பக்கம் நின்றனர், கட்சி பின்வாங்கியது.

எங்களுள் ஒருவர் நியூரம்பெர்க்கே வேண்டாம் என்றார். அந்த மண்ணின்மீது நின்று தேன் ரொட்டி தின்பது எப்படி என்பது அவர் கேள்வி. போகாமல் விட்டுவிட்டால் அதை மறந்துவிடுவோம் என்றார் மற்றவர். இரண்டு இரவுகள் வீட்டில் பேச்சுக் குறைவாகவே இருந்தது. பின்னர் ஓர் உடன்பாடு கண்டோம். முதல் நாள் காலை, கடைகள் திறப்பதற்கு முன்பே அந்தத் திடலுக்குப் போவோம். அப்போது அங்கே வெறும் கற்கள்தாம் இருக்கும்.

2016இல் பெர்லினிலும், 2018இல் ஸ்ட்ராஸ்பூர்க்கிலும், 2024இல் மக்டெபூர்க்கிலும் சந்தைக் கூட்டத்தின்மீது நடந்த தாக்குதல்களைச் சுட்டி உறவினர் எச்சரித்தனர். அச்சம் எங்களுக்கும் உண்டு. ஆயினும் அங்குள்ளவர்கள் மறு ஆண்டும் தம் பிள்ளைகளைக் கைபிடித்து அழைத்துச் செல்கிறார்கள்.

வியன்னாவையும் பிராகாவையும் நீக்கிவிட்டு, மூன்றே நகரங்களோடு நிறுத்திக்கொண்டோம். மிகுதியான இரவுகள் ஜெர்மனியில் கழிவதால் விசாவுக்கு அந்நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும்; முப்பதாயிரம் யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் வேண்டும். புறப்படும் நாள் டிசம்பர் 9. திரும்பும் நாள் 22.

படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது தாயார் அருகில் வந்து அமர்ந்தார். புதிய தேதிகளைச் சொன்னோம்.

"அப்ப நடுச்சாமப் பூசைக்கு நீங்க இருப்பீங்கதானே?"

இருப்போம் என்றோம். அவர் தலையசைத்தார். சற்று நேரம் கழித்து, குடில் சுரூபங்கள் உள்ள பெட்டியைப் பரணிலிருந்து போவதற்கு முன்பே இறக்கி வைத்துவிடச் சொன்னார். வந்த களைப்பில் யார் ஏறி இறக்குவது என்றார். அந்த ஒட்டகத்தின் உடைந்த காலை இந்த ஆண்டாவது ஒட்ட வேண்டும் என்றும் சொன்னார்.