சுமையும் சும்மாடும்

வழிநடப்போர்க்குச் சுமை ஒரு விடாத துணை. அதனை விட்டுச் செல்லவும் இயலாது; நெடுந்தொலைவு தாங்கிச் செல்வதும் எளிதன்று. நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். தலையில் கூடை, தோளில் காவடி, இடுப்பில் குடம் என்று ஒவ்வொரு சுமைக்கும் ஏற்ற இடத்தை உடம்பிலே தேர்ந்தெடுத்தனர். சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களையும் நாட்டினர். இரண்டு கற்களை நிறுத்தி, அவற்றின்மேல் மற்றொரு கல்லைக் கிடத்தியிருப்பர். தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி அதன்மேல் இறக்கலாம். இளைப்பாறியபின் மீண்டும் தலைக்கு மாற்றலாம். கருவுற்ற நிலையில் உயிர்நீத்த பெண்களின் நினைவாக அக்கற்களை நாட்டும் வழக்கம் தமிழகத்தில் இருந்தது. இறக்கி வைக்க இயலாத சுமையோடு மறைந்தவளுக்கு, ஊரார் சுமையை இறக்கி வைக்கும் கல்லே நினைவுச் சின்னமாயிற்று.

இவ்வெண்ணங்களை என் உள்ளத்தில் எழுப்பியது, மலைப்பயணத்திற்கென்று நான் வாங்கிய முதுகுப்பை ஒன்றாகும். அதன் கொள்ளளவு 65 லிட்டர். வெறும் பையே இரண்டு கிலோகிராமுக்கு மேல் இருந்தது. உறுதியான நைலான் துணியால் ஆகிய அப்பையின் முதுகுப்புறத்தில் அலுமினியப் பட்டைகள் செருகப்பட்டிருந்தன. தோள்களுக்கு இரண்டு வார்கள். மார்பின் குறுக்கே ஒரு சிறு வார். இடுப்பைச் சுற்றி அகன்று மெத்தென்றிருந்த மற்றொரு வார். ஒரு பைக்கு இத்தனை வார்களா என்று முதலில் வியந்தேன்.

வியப்பிற்கு விடை, பை வளர்ந்த வரலாற்றில் இருக்கிறது. முற்காலத்து மலையேறிகள் மரச்சட்டத்தில் கித்தான் பையைக் கட்டிச் சுமந்தனர். சுமை முழுவதையும் தோள்களே தாங்கின. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டிக் கெல்டி என்பவர், 1952ஆம் ஆண்டில், இலேசான அலுமினியச் சட்டம் பொருந்திய பைகளைத் தம் வீட்டிலேயே செய்து விற்கத் தொடங்கினார். அவர் மனைவியார் துணிப்பைகளைத் தைத்தார். தோளை அழுத்திய எடையை இடுப்புக்கு இறக்கும் வார் அவருடைய பைகளில் சிறந்த இடம் பெற்றது. தோள் எளிதில் சோரும். இடுப்பெலும்போ உடலின் எடையைக் கால்களுக்குச் செலுத்தும் வலிமை உடையது. சுமையின் பெரும்பகுதியை அவ்வெலும்பின்மேல் ஏற்றுவதே அந்த அகன்ற வாரின் வேலை.

பையின் திறத்தை அறியக் கொல்லிமலைக்குச் சென்றேன். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை அது. இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. அதன் மேட்டுநிலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரமுடையது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்துகள் மேலே செல்கின்றன. நானோ வனத்துறையினரின் இசைவு பெற்று, வழிகாட்டி ஒருவருடன் புளியஞ்சோலைப் பக்கமிருந்து நடந்தே ஏறினேன். பையின் எடை 14 கிலோகிராம். கனமான பொருள்களை முதுகை ஒட்டியும், இலேசானவற்றை வெளிப்புறத்திலும் அடுக்கியிருந்தேன். கனம் முதுகைவிட்டு விலகினால் அது பின்னோக்கி இழுக்கும். அதனை ஈடுசெய்ய உடல் முன்னோக்கி வளையும் அன்றோ?

முதல் ஒருமணி நேரம் இடுப்பெலும்பு வலித்தது. வாரைச் சற்று மேலேற்றி இறுக்கியதும் வலி தணிந்தது. முதுகு வியர்வையில் நனைந்தது. அது இத்தகைய பைகளுக்கு உரிய குறையே. ஆயினும், செங்குத்தான பாறைகளில் கால் வைத்தபோதும் பை அசையவில்லை. தோள்கள் இரண்டும் தம் கடமையை மறந்தவைபோல் ஓய்ந்திருந்தன.

மேட்டுநிலத்தை அடைந்து, மிளகுக்கொடி படர்ந்த மரநிழலில் அமர்ந்தோம். அப்பொழுது மூதாட்டி ஒருவர் தலையில் மூட்டையுடன் வந்தார். பழஞ்சேலைத் துணியைச் சுருட்டிச் சும்மாடு கூட்டியிருந்தார். கைகள் இரண்டும் வீசி நடந்தன. மூட்டை ஆடவே இல்லை. மூட்டையை இறக்கிவிட்டு, என் பையை உற்று நோக்கினார். "தூக்கிப் பார்க்கலாமா, தம்பி?" என்று கேட்டார். "பாருங்கள், அம்மா" என்று நானே அவர் முதுகில் பையை ஏற்றி, வார்களைப் பூட்டினேன். நான்கு அடி நடந்தார், முகம் மலர்ந்தது. "கனம் இருக்கிறது, ஆனால் கழுத்து சும்மா இருக்கிறதே! மிளகு மூட்டை கட்ட இப்படி ஒன்று சந்தையில் கிடைக்குமா, தம்பி?" என்றார். அவ்வினாவிற்கு என்னிடம் விடையில்லை.

அவருடைய நடையில் விளங்கிய திறமும் சிறியதன்று. கென்யா நாட்டுப் பெண்களைப் பற்றி 1986ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையில் ஏற்றி நடந்தபோதும், வெறுமனே நடப்பதைவிட மிகுதியான ஆற்றலை அவர்கள் செலவிடவில்லை என்று அது காட்டியது. எனினும் நாள்தோறும் தலைச்சுமை சுமப்பவரின் கழுத்து படும் துன்பத்தை அத்திறமை போக்கிவிடாது. சும்மாடும் இடுப்பு வாரும் ஒரே எண்ணத்தின் இரண்டு வடிவங்கள்; சுமை அழுத்தும் இடத்தை மென்மையாக்கி, எடையை எலும்பின் வழியே நிலத்திற்கு இறக்குவதே அவ்வெண்ணம். ஆனால் இரண்டாம் வடிவம், இன்பத்திற்காக மலையேறுவோரை எண்ணி வளர்ந்தது. பிழைப்பிற்காக மலையில் நடப்போரின் முதுகை அது இன்னும் தேடிச் செல்லவில்லை.

மாணவர்களே! நீங்களும் நாள்தோறும் சுமப்பவர்களே. பள்ளிப்பையின் எடை மாணவரின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்று 2020ஆம் ஆண்டில் வெளிவந்த பள்ளிப்பைக் கொள்கை கூறுகிறது. நாற்பது கிலோகிராம் எடையுள்ளவர் நான்கு கிலோகிராமுக்குமேல் சுமத்தல் நன்றன்று. தேவையற்றதை நீக்குங்கள், கனமான நூல்களை முதுகை ஒட்டி வையுங்கள், இரண்டு தோள்களிலும் வாரை மாட்டுங்கள். நாளை உங்களுள் சிலர் பொறியியல் கற்பீர்கள். சிலர் தையற்கலை பயில்வீர்கள். மலைநாட்டு உழவர் வாங்கத்தக்க விலையில், மூட்டை சுமக்கும் முதுகுச்சட்டம் ஒன்றை நீங்கள் ஆக்கித் தரலாகாதா? அந்த மூதாட்டியின் வினா உங்கள் விடைக்காகவே காத்திருக்கிறது.