ஞாயித்துக்கிழமை பத்து மணி

வீட்டு வேலைத் தொழிலாளர் சங்கத்துக்கு நிதி கேட்டு ப்ரொபோசல் எழுதிக்கிட்டிருக்கேன்.

'பின்னணி' பகுதி சும்மா பறந்துச்சு.
தமிழ்நாட்டுல 2007லயே நலவாரியம்.
2011ல ஐ.எல்.ஓ.வோட (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கான 189வது உடன்படிக்கை. வாரத்துக்கு ஒரு தடவை தொடர்ந்து 24 மணி நேரம் ஓய்வு வேணும்னு அதுல இருக்கு.
இந்தியா ஆதரிச்சு ஓட்டு போட்டுச்சு. ஒப்புதல்தான் இன்னும் குடுக்கல.

அடுத்தது செயல்திட்டம்.
மாசம் ஒரு உறுப்பினர் கூட்டம். டீ, பிஸ்கட், பஸ் காசு. ஞாயிறு காலை 10 மணி.
நாமதான் எழுத்துல புலியாச்சே!

காலையில எங்க வீட்டு அக்கா வந்தாங்க. பெருமையா படிச்சுக் காட்டினேன்.
வாணலியத் தேய்ச்சுக்கிட்டே கேட்டாங்க:

"ஞாயித்துக்கிழமையாம்மா? அன்னிக்குத்தான எல்லா வீட்லயும் கறி. பாத்திரம் ரெண்டு மடங்கு. யாரு வருவா?"

எங்க வீட்லயும் அன்னிக்குக் கறிதான்.
அக்காவும் வருவாங்க. ஆறு வருஷமா வர்றாங்க.

24 மணி நேர ஓய்வுன்னு போல்டுல அடிச்சு வெச்சிருந்தேன்.

கூட்டத்த மதியம் மூணு மணிக்கு மாத்திட்டேன், அவங்க சொன்னபடி.
அன்னிக்கு எங்க வீட்டுப் பாத்திரத்த யாரு தேய்க்கிறதுன்னு பட்ஜெட்ல எந்தத் தலைப்புல போடுறது?